சுவர் யாருடையது? கதை யாருடையது?

தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூருக்குப் பேருந்தில் போகிறவருக்கு ஜன்னலோர இருக்கை கிடைத்துவிட்டால் அது ஒரு பாடப்புத்தகம். முள்ளக்காடு தாண்டினால் இரண்டு பக்கமும் உப்பளம், வெள்ளை வெள்ளையாய் அம்பாரம். அடுத்து பழையகாயல். பிறகு முக்காணி, தாமிரபரணிப் பாலம், ஆத்தூர் வெற்றிலைக் கொடிக்கால், ஆறுமுகநேரி, காயல்பட்டினம். கடைசியில் கடலைப் பார்த்தபடி முருகன் கோபுரம்.

சுமார் நாற்பது கிலோமீட்டர் தூரம். இந்தக் கரையில் மூச்சடக்கி முத்துக் குளித்தவர்கள் இருந்தார்கள். விடியும் முன்னே எழுந்து உப்பு வாருகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். இங்கிருந்து கொழும்புக்குக் கப்பலேறி, தேயிலை மலைகளில் தலைமுறை தலைமுறையாய் உழைத்தவர்கள் போனார்கள். ஆனால் வழியில் எங்காவது இவர்கள் கதையைச் சொல்லும் ஒரு படமோ ஒரு பலகையோ கண்ணில் படுகிறதா என்றால் தேடத்தான் வேண்டும்.

ஊர்ச் சுவர்களுக்கு வண்ணம் அடிப்பது இப்போது எல்லா நகராட்சிகளிலும் வழக்கமாகிவிட்டது. சுவரொட்டி ஒட்டாமல் தடுக்க அது நல்ல உபாயம்தான். ஆனால் வரையப்படுவது என்ன? பரதநாட்டியப் பெண், ஜல்லிக்கட்டுக் காளை, மயில், கலங்கரை விளக்கம். கடற்கரை ஊராக இருந்தால் கூடவே ஒரு சிப்பி, அதற்குள் பளபளவென்று ஒரு முத்து. முத்து இருக்கிறது, சரி. முத்தை எடுத்தவன் எங்கே?

இந்தக் கேள்விதான் இக்கட்டுரையின் விஷயம். மக்கள் கலை என்று பெயர் சூட்டிப் பல வேலைகள் நடக்கின்றன. அவற்றில் எது உண்மையில் மக்களுடையது, எது மக்கள் வசிக்கும் இடத்துக்கு அடிக்கப்பட்ட வெள்ளை என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

முதலில் முத்திலிருந்தே தொடங்கலாம்.

'முத்து நகர்' என்ற பெயர் ரயிலுக்குக்கூட இருக்கிறது. ஆனால் தூத்துக்குடியில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961-இல். அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது! அதற்கு முன்பு பல நூற்றாண்டுகள் கயிற்றில் கட்டிய கல்லைப் பிடித்துக்கொண்டு, ஐந்து முதல் பத்துப் பாகம் ஆழம் வரை இறங்கி, கைக்கு அகப்பட்ட சிப்பியைக் கூடையில் அள்ளி, மூச்சு முட்டும்போது கயிற்றை இழுப்பார்கள். மேலே படகில் இருப்பவர் தூக்க வேண்டும். அவர் கவனம் தவறினால் கீழே இருப்பவர் உயிர் தவறும். சுறாவின் வாயைக் கட்ட மந்திரம் சொல்லும் 'கடல்கட்டி'க்குத் தனிக்கூலி கொடுத்தார்கள் என்றால் அந்தத் தொழிலில் எவ்வளவு பயம் இருந்திருக்க வேண்டும்!

இந்த ஆட்கள் ஒரே ஊரில் இருந்து தொழில் செய்தவர்களும் அல்லர். மன்னார் வளைகுடாவின் எந்தக் கரையில் சிப்பி விளைந்ததோ அந்தக் கரைக்குப் போனார்கள். இலங்கைப் பக்கத்துச் சலாபத்துக்குத் தூத்துக்குடியிலிருந்தும் கீழக்கரையிலிருந்தும் ஆட்கள் போனார்கள். அரபு நாட்டுக் குளியாட்களும் வந்தார்கள். அங்கே எடுத்த சிப்பியில் மூன்றில் ஒரு பங்கு குளித்தவர்களுக்கு, மூன்றில் இரண்டு பங்கு அரசாங்கத்துக்கு. 1906-இல் இலங்கையின் முத்துப் படுகைகளை ஒரு லண்டன் கம்பெனி இருபது ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தது. முதல் இரண்டு ஆண்டுகள் அள்ளினார்கள். அப்புறம் படுகையில் சிப்பி இல்லை. குத்தகைக் காலம் முடியும் முன்பே கம்பெனியை இழுத்து மூடினார்கள். பங்குதாரருக்கு நட்டம் என்று கணக்கு எழுதப்பட்டது. குளியாளுக்கும் கடலுக்கும் ஆன நட்டம் எந்தக் கணக்கில் எழுதப்பட்டது?

பி.காம். முதல் ஆண்டிலேயே இரட்டைப் பதிவு முறை சொல்லித் தருகிறார்கள். ஒவ்வொரு பற்றுக்கும் சமமான வரவு இருக்க வேண்டும். பேரேடு இரண்டு பக்கமும் சரியாக நிற்க வேண்டும். நடைமுறையில் பெரிய தொழில்களின் பேரேடு ஒரு பக்கம்தான் நிற்கிறது. வந்த லாபம் எழுதப்படுகிறது. தொழிலாளியின் உடம்பும், குடிதண்ணீரும், காற்றும், கடலும் கொடுத்த விலை எழுதப்படுவதே இல்லை. சுற்றுச்சூழல் நீதி என்று பெரிய பெயரில் சொல்லப்படுவது அடிப்படையில் இதுதான். எழுதாமல் விட்ட பக்கத்தை எழுதச் சொல்வது.

அந்தப் பக்கத்தில் முதலில் வர வேண்டிய பெயர்கள் கப்பலேறிப் போனவர்களுடையவை.

இலங்கையில் கோப்பித் தோட்டங்களுக்கு இங்கிருந்து ஆட்கள் போகத் தொடங்கியது 1820-களில். பெரும்பாலோர் ராமேஸ்வரம் பக்கக் கரைகளிலிருந்து மன்னாருக்குப் போய், காட்டு வழியே மாத்தளை வரை நடந்தார்கள். வழியிலேயே காலராவிலும் காய்ச்சலிலும் பட்டினியிலும் விழுந்தவர்கள் ஏராளம். பிற்பாடு ரயில் தூத்துக்குடி வரை வந்ததும் இந்தத் துறைமுகம் கொழும்புக்குப் போகும் முக்கிய வாசலானது. 1914-இல் தனுஷ்கோடி-தலைமன்னார் வழி திறக்கும்வரை அப்படித்தான். கங்காணி கொடுத்த முன்பணம், அதற்கு எழுதிய 'துண்டு', துண்டோடு சேர்ந்து ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குக் கைமாறும் கடன்... சிவகங்கை, புதுக்கோட்டை, திருச்சி, திருநெல்வேலிச் சீமை முழுவதும் இப்படிப் போன குடும்பங்கள் இருக்கின்றன.

1948-இல் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964-இல் சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று எழுதினார்கள். மனிதர்களைச் சரக்கு இருப்பைப் போலப் பிரித்த ஒப்பந்தம் அது. அந்த மீதியை 1974-இல் ஆளுக்குப் பாதி என்று பிரித்தார்கள்.

அந்த மக்கள் தங்கள் கதையைத் தாங்களே சொல்லத் தொடங்கிய விதத்தைப் பார்த்தால் மக்கள் கலை என்பதன் பொருள் விளங்கும். கம்பளை அருகே ஒரு தோட்டத்தில் தேயிலைத் தொழிலாளர் அருங்காட்சியகம் ஒன்று 2007-இல் அமைக்கப்பட்டது. அதற்குப் புதுக் கட்டடம் கட்டவில்லை. பழைய லயத்து அறைகளையே காட்சிக் கூடமாக்கினார்கள். அதுவே பாதிக் கதையைச் சொல்லிவிடுகிறது. ஒரு குடும்பம் முழுவதும் எத்தனை அடி இடத்துக்குள் படுத்து எழுந்தது என்று உள்ளே நுழைந்தவருக்குத் தனியாக விளக்க வேண்டியதில்லை. 2023-இல், இருநூறு ஆண்டு நினைவாக, ஜூலை 28 முதல் ஆகஸ்ட் 12 வரை தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை அவர்கள் ஒரு நடைபயணம் போனார்கள். முன்னோர் விழுந்த அதே வழியில் பேரப்பிள்ளைகள் நடந்தார்கள். அந்த நடையே ஒரு கலை நிகழ்வுதான். அதில் பார்வையாளர் என்று தனியாக யாரும் இல்லை.

இப்போது இதையே நம் பக்கம் திருப்பிப் பார்க்கலாம். அவர்கள் போன வாசல் இங்கே இருக்கிறது. வாசலில் என்ன இருக்கிறது? வ.உ.சி. 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியதை எல்லோரும் படித்திருக்கிறோம். 1908-இல் கோரல் மில் தொழிலாளர் வேலைநிறுத்தத்துக்கு அவர் துணை நின்றதையும் சிலர் படித்திருப்பார்கள். ஆனால் அதே கரையில் மூட்டையோடு வரிசையில் நின்று கப்பலேறிய பெயரில்லாத கூட்டத்தைப் பற்றிப் பள்ளிப் பிள்ளைகள் கேள்விப்படுவது அபூர்வம்.

சரி, சுவரில் வரைந்துவிட்டால் போதுமா? இங்கேதான் சிக்கல்.

சென்னை கண்ணகி நகரை எடுத்துக்கொள்வோம். நகரின் ஆற்றங்கரைகளிலிருந்தும் கடற்கரையிலிருந்தும் அகற்றப்பட்ட ஆயிரக்கணக்கான குடும்பங்களை 2000-ஆம் ஆண்டு முதல் கொண்டுபோய் வைத்த குடியிருப்பு அது. 2020-இல் அதன் அடுக்குமாடிச் சுவர்களில் பெரிய பெரிய ஓவியங்கள் வரையப்பட்டன. ஸ்டார்ட் இந்தியா அறக்கட்டளையும் ஆசியன் பெயிண்ட்சும் சென்னை மாநகராட்சியும் சேர்ந்து செய்த வேலை. ஓவியங்கள் அழகாகவே இருக்கின்றன. அந்தப் பகுதியின் பெயரைச் சொன்னாலே முகம் சுளித்தவர்கள் படம் எடுக்க வந்தார்கள். அது சின்ன விஷயம் இல்லை. ஊர் பெயரைச் சொன்னால் வேலை கிடைக்காத பிள்ளைகளுக்கு அது பெரிய விஷயம்.

ஆனாலும் ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. அந்த மக்கள் ஏன் அங்கே கொண்டுவரப்பட்டார்கள்? விட்டுவந்த இடத்தில் இப்போது யார் இருக்கிறார்கள்? சுவரின் நிறம் மாறியதால் இந்தக் கேள்விகள் மறந்துபோனால், அந்த வண்ணம் கதையைச் சொல்லவில்லை, மூடிவிட்டது என்றுதான் அர்த்தம்.

இன்னொரு பக்கம் ஊரூர் ஆல்காட் குப்பம் விழா. 2015-இல் பெசன்ட் நகரை ஒட்டிய மீனவக் குப்பத்தில், குப்பத்து மக்களும் டி.எம். கிருஷ்ணா, நித்தியானந்த் ஜெயராமன் போன்றவர்களும் சேர்ந்து தொடங்கினார்கள். கர்நாடகக் கச்சேரியும் பறையாட்டமும் வில்லுப்பாட்டும் ஒரே மேடையில் நடந்தன. சபாவுக்குப் போகிறவர்கள் குப்பத்துக்குள் நடந்து வர வேண்டியிருந்தது. அதே நட்பு வட்டத்திலிருந்துதான் 2017-இல் எண்ணூர்க் கழிமுகத்தை வைத்து 'சென்னை பொறம்போக்குப் பாடல்' வந்தது. சாம்பலும் ஆக்கிரமிப்பும் விழுங்கிய ஒரு கழிமுகத்தைப் பற்றி ஆயிரம் பேர் அறிக்கை எழுதியும் கேட்காத காதுகள் அந்தப் பாட்டைக் கேட்டன. அங்கேயும் குறை சொல்ல இடம் உண்டு. பெரிய பெயர் இருந்ததால்தான் செய்தி ஆனது என்பார்கள். உண்மைதான். ஆனால் அந்தப் பெயர் வந்தது பிரச்சினையை மறைக்க அல்ல, காட்ட. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் அதுதான்.

தூத்துக்குடிக்கு இந்த வித்தியாசம் மற்ற ஊர்களைவிட அதிகமாகத் தெரிய வேண்டும். ரத்னகிரியில் மக்கள் எதிர்ப்பால் 1993-இல் நின்றுபோன தாமிர உருக்காலைதான் இங்கே வந்தது. மாசுபடுத்தியதற்காக 2013-இல் உச்ச நீதிமன்றம் ஸ்டெர்லைட்டுக்கு 100 கோடி ரூபாய் இழப்பீடு விதித்தது. 2018 பிப்ரவரியில் குமரெட்டியாபுரத்து மக்கள் உட்கார்ந்தார்கள். நூறாவது நாளான மே 22-இல் துப்பாக்கிச் சூடு. 13 பேர் கொல்லப்பட்டார்கள். ஆலை மூடப்பட்டது. 2024 பிப்ரவரி 29-இல் கம்பெனியின் மேல்முறையீட்டை உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது.

இதோடு கதை முடிந்துவிடவில்லை. ஆலையை நம்பியிருந்த ஒப்பந்தத் தொழிலாளியும் லாரி ஓட்டுநரும் வேலை இழந்தார்கள். அவர்களையும் இந்தக் கதையிலிருந்து தள்ளிவிட முடியாது. 'காற்று வேண்டுமா, கஞ்சி வேண்டுமா' என்று ஏழைகளை இரண்டு அணியாக நிறுத்தி மோதவிடுவதுதான் இதில் பெரிய அநியாயம்.

இதே மோதலின் மறுபக்கம் தாமிரபரணியின் மேல்கோடியில் இருக்கிறது. முக்காணிப் பாலத்தின் கீழே ஓடி, புன்னைக்காயலில் கடலில் கலக்கும் ஆற்றின் மலையில்தான் மாஞ்சோலை. 1929-இல் சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 99 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்த காட்டை வெட்டித் தேயிலை வைத்தார்கள். வெட்டியது கம்பெனி, ஆனால் கோடரி பிடித்தது கூலியாள். 1999 ஜூலை 23-இல் அவர்களுடைய கூலிக்காக நெல்லையில் நடந்த ஊர்வலத்தில் போலீஸ் தடியடிக்குப் பயந்து ஓடியவர்களில் 17 பேர் தாமிரபரணிக் கரையில் இறந்தார்கள். 2024-இல் கம்பெனி விருப்ப ஓய்வு கொடுத்து வேலையை முடித்துக்கொண்டது. தேயிலைத் தோட்டத்தை அரசின் டான்டீ ஏற்று நடத்த வேண்டும் என்ற கோரிக்கையை அந்த ஆண்டு டிசம்பரில் உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை. காடு காடாகத் திரும்ப வேண்டும் என்பது நியாயம்தான். புலிக்கும் நதிக்கும் அது நல்லதுதான். ஆனால் நான்கு தலைமுறை அங்கே உழைத்தவர் பெட்டியைக் கட்டிக்கொண்டு மலையிறங்கும்போது, காட்டை அழித்ததற்கான தண்டனையை யார் அனுபவிக்கிறார்கள் என்று கேட்காமல் இருக்க முடியுமா? நதியின் ஒரு முனையில் ஆலை மூடுவது நீதி, இன்னொரு முனையில் தோட்டம் மூடுவது நீதி. இரண்டு இடத்திலும் கூலிக்காரர் வெறுங்கையோடு நின்றால் அந்த நீதி பாதிதான்.

இப்படிப்பட்ட கதையை ஒரு சுவரோவியம் தாங்குமா? தாங்காது. ஆனால் இந்த மண்ணில் அதைத் தாங்கும் கலை ஏற்கெனவே இருக்கிறது!

வில்லுப்பாட்டு தென்மாவட்டங்களின் சொத்து. அதில் பாடப்படும் கதைகளில் பெரும்பங்கு அநியாயமாகச் செத்தவர்களின் கதை. கொலையுண்டவர் தெய்வமாகிறார், அவருக்குக் கொடை நடக்கிறது, ஆண்டுதோறும் அந்த அநியாயம் ஊர் நடுவே விடிய விடியப் பாடப்படுகிறது. முத்துப்பட்டன் கதை இதே மலையடிவாரத்துக் கதைதான். சாதி கடந்து மணம் செய்து, ஆநிரையைக் காக்கப் போய் இறந்தவன் கதை. அநியாயச் சாவை மறக்கக் கூடாது என்று ஒரு சமூகம் தனக்குத்தானே போட்டுக்கொண்ட விதி இது. அந்த வில்லில் கப்பலேறிப் போனவர் கதையும் 2018-இன் கதையும் ஏன் ஏறக் கூடாது?

அடுத்தது குலசை தசரா. திருச்செந்தூருக்குப் பக்கத்திலேயே குலசேகரன்பட்டினம் முத்தாரம்மன் கோயிலில் நவராத்திரிக்கு மாலை போட்டு, காளி, குறவன் குறத்தி, போலீஸ், குரங்கு, பிச்சைக்காரர் என்று வேடம் கட்டி ஊர் ஊராகக் காணிக்கை வாங்கி, பத்தாம் நாள் கடற்கரையில் சூரசம்ஹாரத்துக்கு வந்து சேருகிறார்கள். மும்பையிலும் சென்னையிலும் கடையில் நிற்கிற பையன்கூட லீவு போட்டு வந்துவிடுகிறான். எந்த அறக்கட்டளையும் பணம் கொடுக்கவில்லை, எந்தக் கலைஞரும் வெளியூரிலிருந்து வந்து பயிற்சி கொடுக்கவில்லை. தமிழ்நாட்டின் மிகப் பெரிய மக்கள் அரங்கம் அது. பக்திக்காகக் கட்டும் வேடத்தை யாரும் பிரசாரத்துக்கு மாற்றச் சொல்ல வேண்டாம். ஆனால் ஒரு ஊர் முழுவதும் சேர்ந்து கதை சொல்லத் தெரிந்த ஊர் இது என்பதை முதலில் ஒத்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது, அம்பா பாட்டு. வலை இழுக்கவும் துடுப்புப் போடவும் ஒருவர் சொல்ல மற்றவர் வாங்கிப் பாடும் பாட்டு. எஞ்சின் வந்த பிறகு பாட்டுக்கு வேலை குறைந்துவிட்டது. பாடத் தெரிந்த பெரியவர்களுக்கு வயதாகிவிட்டது. இன்று பதிவு செய்யாவிட்டால் நாளை கேட்க ஆள் இருக்கும், பாட ஆள் இருக்காது.

"கலையால் வயிறு நிறையுமா?" என்று கேட்பவர்கள் உண்டு. நிறையாது. உப்பளத்தில் கால் வெடித்து நிற்கும் பெண்ணுக்குச் சுவரோவியத்தைவிட ரப்பர் காலணியும் நிழலும் குடிதண்ணீரும்தான் முதலில் வேண்டும். ஆனால் இதையும் யோசிக்க வேண்டும். மழைக்காலத்தில் உப்பளத் தொழிலாளிக்கு வேலை கிடையாது என்பது காலம்காலமாக இருக்கும் விஷயம். அதற்காக அரசு 5,000 ரூபாய் நிவாரணம் கொடுக்கத் தொடங்கியது மிக அண்மையில்தான். ஏன் இவ்வளவு தாமதம்? உப்பு எல்லார் கண்ணிலும் பட்டது, உப்பு வாரியவர் படவில்லை. கண்ணில் படாதவருக்கு யாரும் திட்டம் போடுவதில்லை. கலையின் வேலை வயிற்றை நிரப்புவது அல்ல, கண்ணில் படவைப்பது.

எனவே இனி இந்தக் கரையில் மக்கள் கலை என்ற பெயரில் எது நடந்தாலும் மூன்று கேள்விகள் கேட்கலாம்.

1. எதை வரைவது, எதைப் பாடுவது என்று முடிவு செய்தது யார்? அந்தத் தெருவில் இருப்பவரா, நிதி கொடுத்தவரா?

2. கஷ்டம் ஏன் வந்தது என்று சொல்கிறதா, அல்லது கஷ்டப்படுகிறவரின் சிரித்த முகத்தை மட்டும் காட்டுகிறதா?

3. வந்தவர்கள் போன பிறகு அது ஊரில் தங்குகிறதா? நிறம் மங்கினால் ஊர்க்காரரே திருப்பி வரைய முடியுமா? பாட்டை அடுத்த தலைமுறை பாடுமா?

மூன்றுக்கும் நல்ல பதில் வந்தால் அது மக்கள் கலை. இல்லையென்றால் அது விளம்பரம், அவ்வளவுதான்.

இதற்குக் கோடிகள் தேவையில்லை. கல்லூரி மாணவர்கள் ஒரு விடுமுறையில் தங்கள் தெருவில் விசாரித்தால் போதும். எந்த வீட்டில் பழைய இலங்கைக் கடவுச்சீட்டு இருக்கிறது? எந்தப் பாட்டி தலைமன்னார்க் கப்பலில் வந்தவர்? எந்தத் தாத்தா 1961-இல் கடைசிச் சலாபத்துக்குப் போனவர்? இப்போது ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து இதே மாவட்டத்தில் வேலை செய்யும் இளைஞர்கள் தங்கள் ஊருக்கு என்ன எழுதுகிறார்கள்? அன்று இங்கிருந்து கண்டிக்குப் போனவருக்கும் இன்று அங்கிருந்து இங்கே வந்தவருக்கும் கதை ஒன்றுதான். முன்பணம், கடன், தகரக் கொட்டகை, தெரியாத மொழி.

மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் இரண்டு, பவளப் பாறைகளை வெட்டி வெட்டி எடுத்ததால் கடலுக்குள் மூழ்கிவிட்டன. பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்று அவற்றுக்குப் பெயர் இருந்தது. தீவு மூழ்கினாலும் பெயராவது வரைபடத்தில் மிஞ்சியது. கப்பலேறிப் போனவர்களுக்கு அதுகூட மிஞ்சவில்லை.

அடுத்த முறை திருச்செந்தூர் பேருந்தில் ஏறுகிறவர்கள் ஜன்னல் வழியாக ஒரு காலிச் சுவரைப் பார்த்தால் யோசித்துப் பாருங்கள். அதில் யாருடைய பெயரை முதலில் எழுதலாம்?